மனத்திற்கு அனுகூலமான இடம்

கலிபோர்னியாவின் வடபகுதியில், முந்நூறு அடிக்கும் மேலாக ஓங்கி நிற்கும் ரெட்வுட் மரங்களின் நடுவே சில நாட்கள் தங்கி வரலாம் என்று என் மகன் ஒரு டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை, வாடகைக்கு எடுத்திருந்தான். அதை எங்கே நிறுத்துவது என்பதற்காக வரைபடமும் கையுமாக அவன் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டதைக் கண்டபோது, நாலு நாளில் விட்டுப் போகப்போகும் ஒரு துண்டு மண்ணைப் பற்றி இத்தனை விசாரம் எதற்கு, வைராக்கியம் உள்ளவனுக்கு எல்லா மண்ணும் ஒன்றுதானே என்று நான் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. வழியில் தங்கிய முதல் இரவு, என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து, ஒரு முகாமில் காலியாகக் கிடந்த முதல் இடத்திலேயே வண்டியை நிறுத்தினான்.

அந்த இடம் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. விடியற்காலையில் பால் திரிந்து போயிருந்தது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் உள்ள குளிர்பெட்டிக்குள் மோட்டார் கிடையாது; அம்மோனியாக் கரைசல் ஒன்று சூட்டினால் மேலெழுந்து, தன் பாரத்தாலேயே கீழிறங்கி, அந்தச் சுழற்சியினால்தான் குளிர்ச்சி உண்டாகிறது; வண்டி சரிந்து நின்றால் திரவம் குழாயின் வளைவுகளில் தேங்கி, சுழற்சி நின்றுவிடுகிறது. மகன் இதை விளக்கிக்கொண்டே ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டியபோது, குமிழி ஓரத்திற்கு ஒதுங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எப்போதோ பாடம் கேட்ட ஒரு சாஸ்திரப் பகுதி நினைவுக்கு வந்தது.

சுவேதாசுவதர உபநிஷதத்தின் இரண்டாம் அத்தியாயம், யோகம் பயில்வதற்குரிய இடம் சமதளமாகவும் தூய்மையாகவும், பருக்கைக் கல்லும் நெருப்பும் மணலும் இல்லாததாகவும், காற்றடங்கியதாகவும், மனத்திற்கு அனுகூலமாகவும் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. பிரம்ம சூத்திரமோ, நான்காம் அத்தியாயத்தின் முதற்பாதத்தில், மனம் எங்கே ஒருமுகப்படுகிறதோ அதுவே இடம், வேறு நியமம் இல்லை என்று தீர்த்துவிடுகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? சங்கரர் இந்த ஆட்சேபத்தைத் தாமே எழுப்பிக்கொண்டு கூறும் சமாதானம் என்னை எப்போதும் நெகிழச் செய்வது: உபநிஷதம் சொல்லும் அந்த விவரங்களில் கட்டாயம் ஒன்றும் இல்லை என்று சூத்திரத்தின் ஆசாரியர் ஒரு சிநேகிதராக இருந்து சொல்கிறார், மனத்திற்கு அனுகூலம் என்ற சொல்லே சூத்திரத்தின் கருத்தைக் காட்டிவிடுகிறது என்பது அவர் வாதம். சகலத்தையும் துறக்கப் புறப்பட்டவனிடம்கூட, அப்பா, கல் உறுத்தாத இடமாகப் பார்த்து உட்கார் என்று சொல்லும் உபநிஷதத்தின் பரிவைப் பற்றுதலென்று எவர் சொல்லக்கூடும்? அரண்மனையைத் துறந்து வந்த புத்தரும் உருவேலாவை அடைந்தபோது, மனோரம்மியமான சோலை, தெளிந்தோடும் நதி, இறங்குவதற்கு இதமான துறை, பிக்ஷைக்கு அருகிலேயே ஒரு கிராமம் என்று இடத்தை நன்றாகப் பார்த்துத்தான் அமர்ந்ததாக அரியபரியேசன சுத்தம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. பற்று இடத்தைத் தேர்வதில் இல்லை, எழுந்திருக்க மறுப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்க அரசின் திறந்த நிலங்களில் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்று பொதுவாக உள்ள விதியைக் கேள்விப்பட்டபோது, ஊருக்கு ஓர் இரவு என்று சஞ்சரித்த நம் பரிவிராஜகர்களை எண்ணி மனம் மகிழ்ந்தேன்.

ஆயினும் இந்தச் சாஸ்திரங்கள் எல்லாம், இடம் நமக்கு என்ன செய்யும் என்றே விசாரிக்கின்றன. நாம் இடத்திற்கு என்ன செய்கிறோம் என்ற கேள்வியை எனக்கு அந்தக் காடுதான் கற்பித்தது. மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், மக்கள் மரங்களுக்கிடையே மனம்போன திசையில் ஓட்டிச் சென்று, கண்ணுக்கு அழகாகப் பட்ட பெரிய மரத்தின் அடியிலேயே முகாமிட்டார்கள். ரெட்வுட்டின் வேர்கள் ஆழமாக இறங்குபவை அல்ல, பக்கவாட்டில் வெகுதூரம் படர்பவை. சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்க இறுக்க, காற்றும் நீரும் எட்டாமல் நுண்வேர்கள் மடிந்தன. மெய்னெக்கே என்ற மரநோய் நிபுணர் 1928-இல் இதை ஆராய்ந்து சொல்லி, 1932-இல் முகாம்களுக்கு ஒரு திட்டமே வகுத்துக் கொடுத்தார்: வளைந்து செல்லும் ஒருவழிப் பாதை, அதிலிருந்து பிரியும் சிறு கிளைகளில் வண்டி நிற்க இடம், அதைத் தாண்டாதபடி பாறையோ கட்டையோ, அசையாத மேஜை, அசையாத அடுப்பு. இன்று எண்ணிட்டுக் கொடுக்கப்படும் இடங்களின் மூலம் அதுவே. மகன் வண்டியின் நீளத்தை அளந்து அளந்து பார்த்ததற்கும் அதுவே காரணம். கிளைப்பாதையைவிட நீண்ட வண்டி பின்வாங்கி நுழையும்போது ஏதோ ஒரு வேரின்மீதுதான் ஏறவேண்டும். அளவோடு அமைந்த அந்தக் கட்டுப்பாட்டில் நான் கண்ட தர்மம், மனிதனுடைய விருப்பத்திற்கு முன்னால் மரத்தின் மூச்சை வைத்த தர்மம். அதைப் பக்தி என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாம் நாள் முதல் நாங்கள் தங்கிய இடமும் முழுச் சமதளம் அல்ல. மகன் இடப்புறச் சக்கரத்தின் கீழ் இரண்டு பலகைகளைக் கொடுத்து, முட்டுக்கட்டை வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஓயவில்லை. தலைக்குமேல் பட்டுப்போன கிளை ஏதும் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே உள்ளே போனான். அந்த மூன்று இரவுகளிலும் நான் விடியுமுன் எழுந்து மேஜையருகே அமர்ந்தேன். ஜபத்தின் நடுவில் எண்ணிக்கை ஒருமுறையும் தவறவில்லை.

புறப்படும் காலையில், அடுத்து அந்த இடத்திற்கு வரவேண்டியவர்கள் பாதையோரம் காத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கிவந்த மூதாட்டி, தரை மட்டமாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். இடப்புறச் சக்கரத்திற்கு இரண்டு பலகை வேண்டும் என்று அவளுக்குக் கையால் காட்டிச் சொன்னேன்.