டைல்ஸ் மட்டும் மேடம் விருப்பம்

வீடு கட்டிய பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம் ஒன்று உண்டு. "டைல்ஸ், பெயின்ட், கிச்சன் இதெல்லாம் மேடம் பார்த்துக்கட்டும் சார்." பொறியாளர் சொல்வார், அல்லது மேஸ்திரி சொல்வார். பெருந்தன்மையாகத்தான் சொல்கிறார்கள். வீட்டு ஆணும் பெருந்தன்மையாகத் தலையசைக்கிறார். அதுவரை நடந்த எதற்கும் மேடம் தேவைப்படவில்லை என்பது அந்த வாக்கியத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

அதுவரை என்னென்ன நடந்திருக்கும்? மனை எந்த ஊரில் வாங்குவது, யார் பெயரில் பதிவது, எவ்வளவு கடன் எடுப்பது, வாசல் எந்தத் திசை, அக்னி மூலையில் சமையலறை வருவதால் ஜன்னல் எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே. இவையெல்லாம் பேசி முடித்து, தூண் எழும்பி, தளம் போட்டு, பூச்சு வேலையும் முடிந்த பிறகு பெண்ணின் முறை வருகிறது. கடையில் அவள் முன் நாற்பது டைல்ஸ்களை வரிசையாகச் சாய்த்து வைக்கிறார்கள். "நீங்களே செலக்ட் பண்ணுங்க மேடம்."

தமிழில் தேர்வு, முடிவு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்னால் வைக்கப்பட்டவற்றில் ஒன்றை எடுப்பது தேர்வு. எவற்றை முன்னால் வைப்பது என்று தீர்மானிப்பது முடிவு. பெண்ணுக்குத் தேர்வைக் கொடுத்துவிட்டு முடிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வீடு, அவளுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாக மனதார நம்பவும் செய்கிறது. திருச்சிப் புறநகரில் இரண்டே முக்கால் சென்ட் மனையில் எங்கள் வீடு எழும்பிய ஓராண்டு முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது. தேர்ந்தெடுப்பது எப்போது சுதந்திரம் ஆகிறது?

தமிழ் நடத்துகிறவள் என்பதால் சொற்களில் கால் இடறும் பழக்கம் எனக்கு உண்டு. மனையிலிருந்து மனைவி வந்தாள். இல்லத்திலிருந்து இல்லாள் வந்தாள். இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். அதற்கு ஆண்பால் என்று நினைத்து இல்லான் என்று சொன்னால் பொருளே வேறு. அவன் ஒன்றும் இல்லாதவன், வறியவன். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். ஒருமுறை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்ப ஒண்ணுமே இல்லாத பொம்பளைக்கு என்ன சொல் மேம்?" அவளும் இல்லாள்தான் என்றேன். இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு உரியவள் என்ற சொல்லுக்கும் வீட்டின் உரிமையாளர் என்ற சொல்லுக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தின் செங்கல்பட்டு மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். அந்தச் சட்டமும் அதற்கு முன்பே மணமாகிப் போயிருந்த மகள்களை வெளியே நிறுத்தியது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் நடைமுறை வந்திருக்கிறது. சலுகை கொடுத்து அழைக்க வேண்டிய இடத்தில்தான் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இன்னும் இருக்கிறது.

எங்கள் பத்திரத்தில் இரண்டு பெயர்கள். மனை வாங்கும்போதே இதைப் பேசி முடித்தோம். "ஏம்மா, அவன்மேல நம்பிக்கை இல்லையா?" என்று மாமனார் கேட்டார். "நம்பிக்கை இருக்கிறதாலதான் மாமா ரெண்டு பேர் பேரும்" என்றேன். ஆனால் பத்திரத்தில் பெயர் ஏறியது டைல்ஸ் கடைக்குத் தெரியாது. அங்கே நிறத்தை என்னிடம் கேட்டார்கள். "சதுர அடி எந்த ரேஞ்சுல பார்க்கலாம் சார்?" என்று விலையை என் இணையரிடம் கேட்டார்கள். பணம் கட்டப்போகும் அட்டை என் கைப்பைக்குள் இருந்தது.

இப்படிச் சொல்லும்போது நிறத்தை அற்பம் என்று தள்ளுவதாகத் தோன்றலாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. பெண் ஆசைப்படும் எதையும் அலங்கார மோகம் என்று சிரிப்பதும், ஆண் ஆசைப்படும் எலிவேஷனையும் உயரமான கேட்டையும் கௌரவம் என்று மதிப்பதும் ஒரே மனதின் இரு பக்கங்கள். சுவருக்கு நீலம் வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு முப்பது ஆண்டு வாழப்போகிறவள் அவள்.

அதோடு, டைல்ஸ் என்பது நிறம் மட்டுமே இல்லை. ஒவ்வொரு ஃபினிஷும் ஒரு வேலை. பளபளக்கும் கறுப்புத் தரை என்றால் தினமும் இருமுறை துடைப்பது. மேடு பள்ளமாக வார்த்த சுவர் டைல்ஸ் என்றால் தாளிப்பு எண்ணெயைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது. குளியலறைக் கண்ணாடித் தடுப்பு என்றால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரின் உப்புக் கறையோடு போராடுவது. ஃபால்ஸ் சீலிங்கின் ஓரப் பள்ளம் என்றால் நாற்காலி போட்டு ஏறி ஒட்டடை எடுப்பது. கடைக்காரர் பெட்டிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். இந்த வேலையின் விலையை எந்த பில்லும் காட்டுவதில்லை. கடையில் எதைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: "இதை யார் துடைப்பாங்க?" முதலில் விற்பனைப் பையன் சிரித்தான். நான்காம் முறை மேட் ஃபினிஷ் இருக்கும் பக்கம் தானாகவே அழைத்துப் போனான்.

மிகவும் கடினமான கேள்வி சமையல் மேடையின் உயரத்தில் வந்தது. எங்கள் மேஸ்திரியின் கணக்கு இரண்டே முக்கால் அடி. நான் நான்கடி பதினோரு அங்குலம். அந்த உயரத்தில் குக்கரை வைத்தால் தோளைத் தூக்கிக்கொண்டே சமைக்க வேண்டும். இணையர் ஐந்தடி ஒன்பது அங்குலம். அவர் அதே மேடையில் காய் நறுக்கினால் அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். "உங்க உயரத்துக்கே போட்டுடலாம் மேடம், நீங்கதான நிக்கப் போறீங்க" என்றார் மேஸ்திரி. அன்போடு சொன்ன சொல். அதில்தான் நான் சிக்கிக்கொண்டேன். என் உயரத்துக்கு மேடை கட்டினால் என் உடலை மதித்ததாகும். கூடவே, இங்கே நிற்கப்போகிறவள் நான் ஒருத்தியே என்று கிரானைட்டில் எழுதிவைத்ததாகவும் ஆகும். அவர் உயரத்துக்குக் கட்டினால் அவரைச் சமையலறைக்கு அழைத்ததாகும், அவர் வராத நாட்களில் தோள் வலி எனக்கு.

1926இல் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அது முன்னோடி. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளந்து, எல்லாம் கைக்கெட்டும்படி அமைத்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பெற்றது. பெண்ணின் உழைப்பைக் குறைத்து அவளுக்கு நேரம் மீட்டுத் தருவது அவர் நோக்கம். 1970களில் பெண்ணியவாதிகள் அதே சமையலறையை விமர்சித்தார்கள். ஒருவருக்கு மட்டுமே அளவாக இருந்ததால், அந்த ஒருவரை அது தனியே அடைத்துவிட்டது என்றார்கள். இரண்டு தரப்பும் சொல்வது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. வசதி வேலையைக் குறைக்கும். வேலை யாருடையது என்பதை வசதி மாற்றாது, சில சமயம் உறுதிப்படுத்தியும் விடும்.

எங்கள் மேடை இப்போது இரண்டு மட்டங்களில் இருக்கிறது. அடுப்புப் பக்கம் முப்பது அங்குலம், ஏனென்றால் பாத்திரத்தின் உயரமும் அதன்மேல் சேரும். தொட்டிப் பக்கம் முப்பத்தைந்து அங்குலம், ஏனென்றால் தொட்டியின் அடி மேடையைவிட எட்டு அங்குலம் கீழே இருக்கும். "ஒரே லெவலா இருந்தாத்தான் மேடம் பாக்க அழகு" என்று மேஸ்திரி வருத்தப்பட்டார். தொட்டி யார் உயரத்துக்கு இருக்கிறதோ அவர் பாத்திரம் கழுவுகிறார்.

அம்மா எங்களோடு இருக்கிறார், வயது எழுபத்திரண்டு. அவர் அறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "எனக்கென்னடி, எதைப் போட்டாலும் சரி" என்றார். எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் கதை நமக்குத் தெரியும். கிடைக்காததை வேண்டாம் என்று மனமே பழகிக்கொள்வதைப் பற்றி ஜான் எல்ஸ்டர் 1983இல் புளித்த திராட்சையைத் தலைப்பாக்கி ஒரு புத்தகமே எழுதினார். அமர்த்திய சென்னும் மார்த்தா நுஸ்பாமும் பெண்களின் வாழ்க்கையை வைத்து அந்தச் சிந்தனையை மேலே கொண்டு சென்றார்கள். "எதுவானாலும் சரி" என்பதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டால் அநீதிக்கு அதுவே சாட்சியாகிவிடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. ஆனால் அம்மாவின் சொல்லை நம்பாமல் அவருக்காக நானே முடிவெடுத்தால், அதுவும் அவரை இன்னொரு முறை ஒதுக்குவதுதானே?

கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ராத்திரி எழுந்தா எதைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேம்மா?" அரை மணி நேரம் பேசினார். கட்டிலிலிருந்து கை எட்டும் ஸ்விட்ச், குளியலறை வாசலில் இடறாத தரை, உட்கார்ந்து எழப் பிடிமானம், உள்ளே விழுந்தால் வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "தரை செவப்பா இருந்தா நல்லாருக்கும். எங்கப்பா வீட்டுல செவப்புச் சிமென்ட்டுத் தரை." அந்த வீட்டில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர் அறைக்கு மட்டும் ஆத்தங்குடியிலிருந்து சிவப்புக் கல் வந்தது. கண்ணாடிமேல் கையால் வார்த்து எடுக்கும் சிமென்ட் கல், நடக்க நடக்க மெருகேறும்.

துடைக்கிற கைக்கு முதல் சொல் என்பது என் விதியானால், அது என் கையோடு முடியாது. வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் அக்காவிடமும் கேட்டேன். "கறுப்புத் தரை மட்டும் வேணாம் டீச்சர். தொடச்சு முடிச்சதும் என் காலடியே அதுல தெரியும்" என்றார். எங்கள் வரைபடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை இருந்தது. ஜன்னல் இல்லை, ஃபிட்டிங்ஸ் எல்லாம் இருப்பதிலேயே மலிவானவை. யாருக்கு என்று கேட்டதற்கு, "வேலைக்கு வர்றவங்களுக்குத்தான், எல்லா வீட்டுலயும் வைக்கிறதுதான்" என்று பதில் வந்தது. தீட்டு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, படிக்கட்டு அதை மறைத்துக்கொண்டது. அந்தக் கழிப்பறையை எடுத்துவிட்டோம். வீட்டுக்குள் இருக்கும் பொதுக் குளியலறையை எல்லோரும் பயன்படுத்துகிறோம். சில உறவினர்கள் எங்கள் வீட்டில் இப்போது காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இன்னும் தள்ளி நிற்கும் உடல்களும் உண்டு. சமையல் மேடைக்குக் கறை பிடிக்காத வெள்ளைக் குவார்ட்ஸ் பலகையைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். அந்தச் செயற்கைக் கல்லில் பெரும்பகுதி சிலிக்கா, தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. கல் அறுக்கும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. இங்கே அதைப் பாதி கட்டிய வீட்டுக்குள் வைத்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலேயே அறுக்கிறார்கள். அந்தத் தூளைக் கூட்டி அள்ளுபவர் சித்தாள். வாழ்நாள் முழுக்கக் கலவை சுமந்தாலும் கொத்தனாராக விடப்படாத, கூலியும் குறைவான பெண். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. நாங்கள் கிரானைட்டை எடுத்தோம். அளவு கொடுத்துக் கடையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வாங்கினோம். சித்தாள் வேலையின் கூலியையும் எல்லையையும் இது மாற்றவில்லை. ஒரு வீடு கட்டும்போது அது மாறாது என்பதால் அதைச் சொல்லாமல் விட்டுவிடவும் முடியாது.

தேர்வு தானாகச் சுதந்திரம் ஆவதில்லை. பத்திரத்திலும் வரைபடத்திலும் பெயர் இருந்து, விலையையும் கேட்டு, வேண்டாம் என்று எழுந்து போகவும் முடிகிறவளின் தேர்வுக்கே அந்த மதிப்பு உண்டு. தன் ஆசையின் சுமை எந்த உடலில் இறங்குகிறது என்று பார்க்கும்போதுதான் அது நியாயமாகவும் ஆகிறது. இந்த இரண்டில் முதலாவதைப் பெண்ணியம் எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தது. இரண்டாவதைச் சிமென்ட் தூளுக்கு நடுவில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

வீடு கட்டப்போகும் தோழிகள் என்ன டைல்ஸ் போட்டாய், எந்தக் கடை என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன் நான் கேட்பது: வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே பார்த்தாயா? மேடை யார் உயரம்? மாடிப்படிக்கு அடியில் என்ன வருகிறது? பத்திரம் பதிந்தாயிற்றா, இன்னும் இல்லையா? பதியவில்லை என்றால் டைல்ஸ் கடைக்கு அடுத்த வாரம் போகலாம்.