குடிமராமத்தில் குடி யார்?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஏரிக்கரை உடைந்தால் அடைப்பதும் வாய்க்கால் தூர்ந்தால் வெட்டுவதும் குடிமராமத்து. மராமத்து என்றால் பழுது பார்த்தல்; அரபுச் சொல், பாரசீகம், உருது வழியாக வந்தது. குடி நம் சொல். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல என்பார்கள். (அந்தத் தேரும் சேரிக்கு வராது.) 1858இல் வெள்ளைக்காரன் இதற்குப் போட்ட சட்டத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர். அவன் ஒளிக்கவில்லை.

அதற்கும் முந்தைய சொல் வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராசேந்திரன் ஏரி வெட்டினான் என்று படிக்கிறோம். மண் சுமந்தவன் பெயர் எந்தச் செப்பேட்டில் இருக்கு? இன்றைக்கு 'வெட்டியா உக்காந்திருக்கான்'னு நம்மையே ஏசுறாங்க. சும்மா வாங்கிய உழைப்பின் பெயர் சும்மா இருப்பதன் பெயராகிவிட்டது. இதைவிடப் பெரிய களவு எனக்குத் தெரிந்து மொழியில் இல்லை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தது. வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கு. ஆயக்கட்டில் நிலம் இருப்பவன்தான் ஆயக்கட்டுதாரர். நிலமில்லாத சேரி அங்கே குடியில்லை, கூலி. பொக்லைன் இறங்கிய இடத்தில் அதுவும் இல்லை. பழுது பார்ப்பதென்றால் எதைப் பழையபடி ஆக்குவது? கரையை மட்டுமா, பழைய பங்கீட்டையும் சேர்த்தா? ஏரித் தண்ணியில, மீன் குத்தகையில, கரை மரத்துல சேரிக்கும் பங்குன்னு முதல்ல எழுதுங்க. அப்புறம் மண்வெட்டியோட வர்றோம்.