கடல் கடந்த ஊரில் இல்லறம்



வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் உள்ள நம் சிற்றூர்களில், பிள்ளையோ பெண்ணோ அயல்நாட்டில் வாழாத வீடுகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. பெற்றோரும் அங்கே சென்று சில திங்கள் தங்கி வருகின்றனர். புறப்படுமுன் நம்மிடம் வந்து அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: “அங்கே போய் நம் ஒழுக்கத்தைக் காக்க முடியுமா?” நாங்களும் இதே வினாவைச் சுமந்துதான், சென்ற ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், எம் மகன் குடும்பத்தோடு வாழும் இங்கிலாந்து நாட்டு லெஸ்டர் நகரத்துக்குச் சென்றோம். ஆறு திங்கள் தங்கினோம். அங்குக் கற்றதையும் அங்குத் தவறியதையும் ஒருங்கே கூறுதல் கடமையென்று கருதி இதனை எழுதுகிறோம்.

முதல் வாரம் அச்சத்திலேயே கழிந்தது. செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. எல்லா வீதியும் ஒரே வீதி போலத் தோன்றுகிறது. வாயிற்படியில் அமர்ந்து பேசுவோர் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் திசை கற்பித்த நாங்கள், நான்கு வீதி தள்ளியிருந்த கடைக்குச் சென்று வழி தெரியாமல் நின்றோம்.

அந்நிலையில் எமக்குக் கைகொடுத்தது தேசாவகாசிக விரதம். வாழ்நாள் முழுமைக்கும் திசையெல்லை வகுத்துக்கொள்வது திக்விரதம். அவ்வெல்லைக்குள்ளும், ஒரு நாளுக்கோ ஒரு திங்களுக்கோ, ‘இந்த வீடு, இந்த வீதி, இந்த ஆறு, இதற்கப்பால் செல்லேன்’ என்று மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். ஊரில் இதனைப் பருவ நாள்களில் பெயரளவிற்குக் கொண்டிருந்தோம். அங்கே காலைதோறும் சாமாயிகம் முடிந்தபின், ‘இன்று ஆறு வீதிகள், கிழக்கே பூங்கா, மேற்கே சோர் ஆறு’ என்று சொல்லிக்கொண்டோம். பெருநகரம் முழுவதையும் அறிய வேண்டுமென்ற கலக்கம் நீங்கிற்று. எல்லைக்குட்பட்ட ஆறு வீதிகளையும் கூர்ந்து நோக்கத் தொடங்கினோம். எந்த வீட்டு முதியவர் எந்நேரம் நாயுடன் உலவ வருவார், எந்தத் திருப்பத்தில் ஆப்பிள் மரம் நிற்கிறது என்பனவெல்லாம் தெரிந்தன. ஒரு திங்களுக்குள் வணக்கம் சொல்வோர் ஐவர் எமக்குக் கிடைத்தனர். ஆசையைச் சுருக்கவே விரதம் என்பர் பெரியோர். அச்சத்தையும் அது சுருக்கும் என்று அங்கேதான் கண்டோம்.

நடையிலும் புதிய பாடம் இருந்தது. மழை பெய்த மறுநாட்காலையில் நடைபாதையெங்கும் நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் ஊர்ந்து திரிகின்றன. முனிவர்க்கு உரைத்த ஈரியா சமிதியை, அதாவது முன்னே நான்கு முழம் நிலம் நோக்கி நடத்தலை, இல்லறத்தாராகிய நாங்கள் அந்த ஈரத் தெருவில் பயின்றோம். பள்ளிக்குச் செல்லும் பெயரனும் எங்களைப் பார்த்துக் குதித்துக் குதித்து விலகி நடக்கக் கற்றான்.

கடையில் பொருள் வாங்குவதும் படிப்பாயிற்று. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதுண்டு. குழந்தைகள் விரும்பும் மிட்டாயில், விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் சேர்வதுண்டு. உறையில் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி அணிந்து முழுவதும் படித்த பின்னரே கூடையில் இட்டோம். கேளாமலும் பாராமலும் உண்ணும் பழக்கம் நம்மூரிலும் பெருகி வருகிறது; அங்கே கற்ற எச்சரிக்கை இங்கும் பயன்படும்.

அந்நகரில் ஆக்ஸ்போர்டு வீதியில் ஒரு ஜினாலயம் உண்டு. பழைய கிறித்தவத் தேவாலயக் கட்டடத்தை வாங்கி, முகப்பைச் சலவைக்கல்லால் அமைத்து, உள்ளே செதுக்கிய கற்றூண்களை நிறுத்தி, 1988-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்துள்ளனர். சுவேதாம்பரர், திகம்பரர், ஸ்தானகவாசியர் ஆகிய மூவர்க்கும் ஒரே கூரையின்கீழ் இடம் வகுத்திருப்பது கண்டு உள்ளம் குளிர்ந்தோம். அவ்வூர் ஜைனர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய குஜராத்தி மக்கள். 1972-ஆம் ஆண்டில் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன் ஆசிய மக்களைத் தொண்ணூறு நாளில் வெளியேற ஆணையிட்டபோது, லெஸ்டர் நகரவை உகாண்டா நாளிதழில் விளம்பரம் இட்டு, ‘இங்கே வர வேண்டா’ என்று அறிவித்தது. ஆயினும் பல்லாயிரவர் வந்தனர், உழைத்தனர், கடைகள் நடத்தினர், அந்நகரத்தின் ஒரு பகுதியாகவே ஆயினர். வேண்டா என்ற ஊரிலும் வெறுப்பு வளர்க்காமல் வேரூன்றிய வரலாறு அது. தசலக்ஷண நாள்களில் அவ்வாலயத்திற்குச் சென்றோம். அவர்கள் மொழி எமக்குத் தெரியாது. எம் மொழி அவர்களுக்குத் தெரியாது. பஞ்ச நமஸ்காரம் தொடங்கியதும் எல்லாக் குரலும் ஒன்றாயின.

இனி நாங்கள் தவறியதைக் கூறுவோம்.

நம்மூரில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரைக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையிலேயே அமைகிறது. அதனால் இரவுண்ணாமை நமக்கு எளிதாகக் கைவந்துள்ளது. அந்நகரம் வடக்கே வெகு தொலைவிலுள்ளது. சூன் திங்களில் இரவு ஒன்பதரை வரை வெயில் இருக்கும். திசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல் தோன்றும் கதிரவன் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடுவான். எம் மருமகள் மருத்துவமனையில் செவிலி. காலை விடியுமுன் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்புவாள். வந்த பின்னரே உண்பாள்.

அவள் உண்ணும்போதெல்லாம் நாங்கள் எழுந்து மாடிக்குச் சென்றுவிடுவோம். வாய் திறந்து கண்டிக்காதவரை குற்றமில்லை என்று எண்ணிக்கொண்டோம். ஒருநாள் வாயும் திறந்தது. “கடல் தாண்டியதும் அறமும் கரைந்துவிட்டதோ?” என்று கேட்டோம். அவள் மறுமொழி கூறவில்லை. தட்டை மூடி வைத்தாள். “நாளைக்கும் விடியற்காலைப் பணி, அத்தை” என்று மட்டும் சொல்லி உறங்கச் சென்றாள். மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் வேண்டிய உடல், அன்றிரவு பட்டினியாகக் கிடந்தது.

அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. இரவுண்ணாமை எதற்காக விதிக்கப்பட்டது? இருளில் கண்ணுக்குத் தெரியாமல் உணவில் வீழும் சிற்றுயிர் மாயாதிருக்க. அச்சிற்றுயிருக்காக நின்ற நாங்கள், ஐம்பொறியும் மனமும் உடைய ஓருயிரை விளக்கொளியில் கண்ணெதிரே துன்புறுத்தினோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், விழிப்பற்ற மன, மொழி, மெய்ச் செயலையே அதற்கு மூலமாக வைத்தார். அமிர்தசந்திராசாரியரோ, புருஷார்த்த சித்தியுபாயத்தில், பிறர் நெஞ்சைப் புண்படுத்தும் இன்னாச் சொல்லையும் பொய்யின் வகையுள் சேர்த்தார். எம்மைப் பேசவைத்தது அறப்பற்று என்று எண்ணியிருந்தோம். ஆராய்ந்தபோது அது மானம் என்னும் கஷாயமே எனத் தெரிந்தது. ஊரார் என்ன சொல்வர் என்பதே அடியில் கிடந்தது.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சமந்தபத்திராசாரியர் சிராவகர்க்குப் பதினொரு படிகள் வகுத்தார். இரவுணவை முற்றத் துறத்தலை ஆறாம் படியில் வைத்தார். முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வினாத்தாளைக் கொடுத்து, விடை எழுதவில்லையென்று அடிக்கும் ஆசிரியரை நாம் ஏற்போமா? பயிற்சிப் பள்ளியில் முதலாண்டிலேயே கற்ற இப்பாடத்தை எம் வீட்டில் மறந்தோம்.

மறுநாள் இரவு அவள் வரும்வரை கீழேயே காத்திருந்தோம். எழுபதைக் கடந்த நாங்கள் முப்பத்தைந்து வயதுடைய அவளிடம் கைகூப்பிப் பொறுத்தருளக் கேட்டோம். அவள் பதறி எம் கையைப் பற்றிக்கொண்டாள். “எனக்கும் விருப்பம்தான், அத்தை. எப்படியென்றுதான் தெரியவில்லை” என்றாள். அன்றுமுதல் அவள் உண்ணும்போது உடனமர்ந்தோம்.

சில நாள் கழித்து வழியை அவளே வகுத்தாள். காலையில் நாங்கள் இரண்டு அடுக்கில் உணவு கட்டித் தருவோம். பணியிடத்தில் மூன்றரை மணிக்கு ஓய்வு கிடைத்தால் அப்போதே உண்பாள். கிடைக்காத நாளில், கதிரவன் மறைந்தபின் தானிய உணவு விடுத்துப் பாலும் பழமும் மட்டும் கொள்வாள். விடுமுறை நாளில் முழுமையாகக் காப்பாள். சில வாரங்களில் இரண்டு நாள் தவறியதும் உண்டு. அவள் அதனை மறையாமல் கூறினாள். நாங்கள் கணக்குக் கேட்கவில்லை. பிப்ரவரி இறுதியில் நாங்கள் விடைபெறும்போது கதிரவன் ஐந்தரை மணிக்கு மேலும் நின்றான். “இனி எளிது, அத்தை” என்று சிரித்தாள்.

தர்மநேயர்களே! அயல்நாடு செல்லும் பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. ஒழுக்கத்தை உங்களளவில் உறுதியாகக் கொள்ளுங்கள். கால்களுக்கு எல்லை கட்டுவதுபோல் நாவுக்கும் நாள்தோறும் எல்லை கட்டுங்கள். பிள்ளைகள் உழைக்கும் உழைப்பை ஒருநாள் முழுவதும் உடனிருந்து பார்த்த பின்னரே அறிவுரைக்கு வாய் திறவுங்கள். அவர்கள் ஒரு படி ஏறினால் அப்படியைப் போற்றுங்கள். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளே! இயன்ற சிறு விரதமொன்றை நீங்களே தேர்ந்து கொள்ளுங்கள். பிறர் திணித்தது கதவு மூடியதும் மறையும். தாமே ஏற்றது தனிமையிலும் துணை நிற்கும்.

பரதகண்டத்தில் உதிக்கும் கதிரவனே அங்கும் உதிக்கிறான். நேரம் மட்டுமே வேறு. அருகன் அருளிய அறமும் அத்தகையதே.

வாழ்க ஜினஅறம்! வளர்க நல்லொழுக்கம்!