ஆறிய காயம் சாட்சி சொல்லுமா?

“நடந்ததை இப்போது நினைத்தால் எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.” இ.எம்.டி.ஆர். என்னும் கண்ணசைவு உளசிகிச்சையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. முதல் நாள் ஒன்பது என்று சொன்ன பெண், சில அமர்வுகளுக்குப் பிறகு ஒன்று என்கிறாள். இரவில் உறங்குகிறாள், பேருந்தில் ஏறுகிறாள். நல்லதுதான். ஆனால் அவளுக்கு அதைச் செய்தவனின் கணக்கில் எவ்வளவு குறைந்தது? வலி தீர்ந்தால் வழக்கும் தீர்ந்துவிடுமா?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ, 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன் கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைகையில் தன்னை அலைக்கழித்த எண்ணங்கள் வலுவிழப்பதைக் கவனித்ததாகச் சொன்னார். 1989இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் 22 பேர் இருந்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும். போர்முனையில் நின்றவனும் வீட்டுக்குள் வதைபட்டவளும் ஒரே பட்டியலில் வந்ததை நாம் கவனிக்க வேண்டும். இந்த இருவரின் காயமும் ஒரே இனத்தது என்பதை மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் ஒரு முழு நூலாகவே எழுதினார்.

சிகிச்சை முறை எளிமையாகத் தோன்றும். மிக மோசமான அந்தக் கணத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமுமாக அசையும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்ணால் பின்தொடர வேண்டும். 2020 ஊரடங்குக்குப் பிறகு இது இணையவழியில் பரவலானது. விரலின் இடத்தில் திரையில் ஓடும் ஒரு புள்ளி. அல்லது கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகசைப்பதுபோல் மாறிமாறித் தன்னையே தட்டிக்கொள்ளுதல். மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் சுமக்கும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். குணமாக்குவது கண்ணசைவா, பாதுகாப்பான துணையோடு அந்த நினைவை எதிர்கொள்வதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. நினைவு அழிவதில்லை, நடந்துகொண்டே இருந்த ஒன்று நடந்துமுடிந்த ஒன்றாக மாறுகிறது.

பெண்ணியவாதிகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அநீதியை நரம்புக் கோளாறாகச் சுருக்கிவிடுகிறோமோ? குற்றவாளி தெருவில் உலவ, பாதிக்கப்பட்டவளை மட்டும் பழுதுபார்த்து அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோமோ? இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் இதன் அடியில் ஆபத்தான இன்னோர் எதிர்பார்ப்பும் ஒளிந்திருக்கிறது: அவள் காயத்தை ஆறவிடக் கூடாது, ஆறினால் ஆதாரம் போய்விடும் என்பது. காவல் நிலையமும் குடும்பமும் இதைத்தான் கேட்கின்றன. குரல் நடுங்காமல் பேசினால், “இவளுக்கு ஒன்றும் நடந்த மாதிரித் தெரியவில்லையே” என்கிறார்கள். தலைவிரி கோலமாகக் கண்ணீரோடு அவைக்கு வந்த கண்ணகிகூட வழக்கை வென்றது கண்ணீரால் அல்ல. உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தால். சாட்சியம் வேறு, தழும்பு வேறு. உறக்கமின்மையை ஒரு பெண் ஆவணம்போலப் பாதுகாத்து வைக்க வேண்டியதில்லை.

இந்தச் சிகிச்சையில் என்னை மிகவும் நிறுத்திவைத்த இடம் வேறு. நினைவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நம்பிக்கையை ஒரு வாக்கியமாகச் சொல்லச் சொல்கிறார்கள். பல பெண்களிடம் அந்த வாக்கியம் “என் மேல்தான் தப்பு” என்பதாக இருக்கும். அந்த இடத்தில் “தப்பு அவனுடையது” என்பது அறிவளவில் மட்டும் அல்லாமல் உடம்பளவிலும் மெய்யாகும்வரை வேலை தொடர்கிறது. ஆனால் முதல் வாக்கியம் அவள் மூளையில் தானாக முளைத்ததா? ஏன் அந்த நேரத்தில் போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ஊர் கூடி எழுதிக் கொடுத்தது. அறைக்குள் அழித்ததை, கதவைத் திறந்ததும் ஊர் மறுபடி எழுதும். ஆகவே பாதி சிகிச்சை நம்மிடம் இருக்கிறது.

திரையைப் பற்றியும் பேச வேண்டும். பொள்ளாச்சியில் பெண்களை மிரட்டப் பயன்பட்டவை கைபேசியில் எடுத்த காணொளிகள். அவ்வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. படமெடுக்கும் கருவியைக் கண்டு உறைந்த ஒருத்தியிடம், அதே கருவியின் முன் அமர்ந்து அழு என்று சொல்வது சின்ன விஷயமல்ல. தாழ்ப்பாள் போட்ட அறை எத்தனை பேருக்கு இருக்கிறது? அடித்த கணவன் அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில் எந்த நினைவைத் திறப்பது? அதனால்தான் இச்சிகிச்சையின் எட்டுக் கட்டங்களில் நினைவைத் தொடுவதற்கு முன்பே தயாரிப்புக்கென ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவு. பயிற்சி பெற்றவர் எதிரில் இல்லாமல் ஓடும் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சிகிச்சை ஆகாது. திறந்த காயத்தோடு அவளைத் தனியே விட்டுவிடுவது. மறுபுறம், சிகிச்சையாளரே இல்லாத ஊரில் இருப்பவளுக்கு அந்தத் திரைதான் ஒரே கதவாகவும் இருக்கக்கூடும்.

“குணமாவது மன்னிப்பதா அம்மா?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இல்லை. மன்னிப்பு அவனோடு தொடர்புடையது, குணம் அவளுடையது. குணமாவது அவள் உரிமை, கடமை அல்ல. “சரியாகிவிட்டதே, வழக்கை வாபஸ் வாங்கு” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. “இன்னுமா சரியாகவில்லை” என்று கேட்கவும்தான். பூஜ்யம் என்று அவள் சொல்லும் நாளில் குறைந்தது அவள் துயரம் மட்டுமே. நன்றாக உறங்கி எழுந்த ஒருத்தி, மறுநாள் காலை நடுங்காத குரலில் சாட்சி சொல்ல வரலாம். அந்தக் குரலை நம்புவதற்கு நாம் பழகிக்கொள்ள வேண்டும்.