கையும் மொழியே

சைவாசிரியர்காள்! கல்லாலின் கீழ் எழுந்தருளிய தக்ஷிணாமூர்த்தி சனகாதி முனிவர் நால்வர்க்கும் உபதேசித்தருளியது வாக்கினாலன்று. சின்முத்திரை தாங்கிய திருக்கரத்தினாலேயாம். கையும் பொருளுணர்த்தும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பிரமாணம் வேண்டுமோ?

இஃதிங்ஙனமாக, 1880ஆம் ஆண்டு இத்தாலி தேசத்து மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மகாநாட்டார், சைகைமொழியை விலக்கி, வாய்ப்பேச்சினாலேயே கற்பித்தல் வேண்டுமெனத் தீர்மானித்தனர். அதனாற் பல தேசத்துப் பாடசாலைகளிற் சைகை தடுக்கப்பட்டது. கேளாச் சிறார் உதட்டசைவை நோக்கிப் பொருளை ஊகித்து இடர்ப்பட்டனர். 130 ஆண்டு கழித்து, 2010இல் வான்கூவர் நகரிற் கூடிய அம்மகாநாடே அத்தீர்மானத்தைத் தள்ளி வருத்தந் தெரிவித்தது. சைகைமொழி தனக்கென இலக்கணமுடைய முழுமொழியென்பதே இக்காலத்து மொழிநூலார் துணிபு.

நாமோ, காலையில் தேவாரம் ஓதும்பொழுது வாய்திறவாது நிற்கும் பிள்ளைக்கு ‘ஊமை’யெனப் பெயரிட்டுக் கடைசி வாங்கிலில் இருத்தி மறந்துவிடுகின்றோம். குவித்த அக்கைகளின் வழிபாட்டை இறைவன் ஏற்றருளுகின்றான். நாம் அவற்றின் மொழியை ஏலாதொழிதல் தகுமோ?

ஆதலின், அப்பிள்ளையை முன்வாங்கிலில் இருத்துவோம்; முகம் நோக்கிப் பேசுவோம்; கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம்; சைகைமொழியை நாம் முன்னர்க் கற்று, உடன்பயிலும் பிள்ளைகளுக்குங் கற்பிப்போமாக. கைகாட்டி உபதேசித்த ஆதிகுருவின் வழிவந்த நமக்கு இது சிவதொண்டேயாம்.

திருச்சிற்றம்பலம்.