தற்காலிகமாகக் கட்டியவை

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரின் புக்கிட் சந்தான் மேட்டில் நிற்கும் இஸ்தானா கெனாங்கான், நிரந்தரமாக இருக்கட்டும் என்று எண்ணிக் கட்டிய அரண்மனை அன்று. சுல்தான் இஸ்கந்தார் ஷாவுக்குப் பெரிய அரண்மனை ஒன்று எழும்பி முடியும்வரை அரச குடும்பம் தங்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காக 1926-இல் மரத்தையும் மூங்கிலையும் கொண்டு இதைக் கட்டத் தொடங்கினார்கள். 1931 முதல் 1933 வரை அரச குடும்பம் இங்கே குடியிருந்தது. 1933-இல் இஸ்தானா இஸ்கந்தாரியா தயாரானதும் இதன் வேலை தீர்ந்தது. வேலை தீர்ந்த மரவீட்டை மழையும் கறையானும் தின்றுவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1986-இல் அதைப் பேராக் அரச அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள், செப்பனிட்டார்கள். இன்றும் அது நிற்கிறது.

ஊரைச் சைக்கிளில் சுற்றும்போது, வண்டியை நிறுத்திவிட்டு இந்த அரண்மனையின் சுவர் அருகே போய்ப் பாருங்கள். மூங்கில் பட்டைகளைப் பின்னிய தட்டிதான் சுவர். மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகிய பேராக்கின் மூன்று நிறங்களும் சாய்சதுரங்களாக ஒன்றையொன்று தாண்டி ஓடுகின்றன. வரைபடம் இல்லாமல், இரும்பாணி ஒன்றுகூட அடிக்காமல் கட்டிய வீடு என்று சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் உறையிலிட்ட வாள் போன்ற வடிவம். ஒரு மலாய்த் தச்சரும் அவருடைய மகன்களும் செய்த வேலை. இரண்டு ஆண்டு தங்குவதற்கு இவ்வளவு பொறுமையா என்று வியப்பாக இருக்கும்.

கோலகங்சாரைச் சுற்றிவர ஒரு காலைப் பொழுது போதும். பேராக் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கினால் உபுடியா மசூதியின் பொன்னிறக் குவிமாடங்கள் தெரியும். ஹப்பேக் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் வரைந்த அதன் வேலை 1913-இல் தொடங்கி 1917-இல் முடிந்தது. கட்டச் சொன்ன சுல்தான் இட்ரிஸ் 1916-இலேயே காலமானதால் முடிந்த கட்டடத்தைக் காணவில்லை. இத்தாலியிலிருந்து வந்து கிடந்த பளிங்குக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து நொறுக்கிவிட, மறுபடியும் கற்களை வரவழைத்தார்கள் என்ற கதையை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கிருந்து இஸ்தானா கெனாங்கான், பிறகு இறங்கி வந்தால் 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரி. ஆற்றைக் கடந்தால் சாயோங். கறுப்பு மண் குடுவைகள் செய்யும் கிராமம், அவற்றில் வைத்த தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும்.

இன்னும் கொஞ்சம் மிதித்தால் காராய். அங்கே 1900-இல் திறந்த விக்டோரியா பாலம் இருக்கிறது. செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டங்கள் வைத்த ரயில் பாலம். ரயில் இப்போது பக்கத்திலுள்ள புதிய பாலத்தில் போகிறது. பழைய பாலத்தின் ஓரத்தில் ஒடுக்கமான நடைபாதை ஒன்று உண்டு. எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால், இறங்கி வண்டியைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அரை நிமிடம் வேறு வழியில்லாமல் ஆற்றைப் பார்க்கிறோம். பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல், தெற்கே போகிறது.

அது போய்ச் சேரும் இடம் எங்கள் ஊர். நான் பாகான் டத்தோக்காரன். பேராக் ஆறு கடலில் விழும் சேற்று நிலம், தென்னையும் செம்பனையும் நிறைந்த ஊர், 2017-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அரண்மனையைச் சுற்றும் பாதை எனக்குக் கோலகங்சாரோடு முடிவதில்லை. தெலுக் இந்தான், பாசிர் சாலாக், பாரிட் என்று ஆற்றை ஒட்டியே மேலே போனால்தான் அந்த அரண்மனையின் பொருள் விளங்குகிறது. பேராக் சுல்தான்கள் பழங்காலத்தில் ஒரே தலைநகரில் இருந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் இந்த ஆற்றங்கரையில் தமக்கென்று ஓரிடம் பார்த்து இருப்பிடம் அமைத்துக்கொண்டார்கள். அந்த மர அரண்மனைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அரசனின் வீடென்பதால் மட்டும் எதுவும் நின்றுவிடுவதில்லை என்று இந்தக் கரை முழுவதும் எழுதியிருக்கிறது.

ஆற்றோர அரண்மனைகளைப் பார்க்கும் பாதை வேறு நாட்டிலும் உண்டு. பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை அமைத்திருக்கிறார்கள். கரை நெடுக அரண்மனைகள். அவற்றில் பெரியதான ஷாம்போர், 1519-இல் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கியது. தன் ஆயுளில் அவர் அங்கே தங்கியது மொத்தமாகச் சில வாரங்கள்தான். அப்பாதையில் போகிறவர்கள் மன்னர்களைப் பார்க்கிறார்கள். கல்லைச் சுமந்தவர்களின் குடிசை எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுமா? பேராக் ஆற்றங்கரையில் ஒரு தமிழன் சைக்கிளில் போகும்போது அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. காரணம், இங்கே அரண்மனையின் கதையும் எங்கள் கதையும் ஒரே முடிச்சில் தொடங்கியவை.

அரியணைப் போட்டியைச் சாக்காக வைத்து 1874 ஜனவரியில் ஆங்கிலேயர் பங்கோர் உடன்படிக்கையைச் செய்தார்கள். சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் முதல் ரெசிடென்டாக வந்த பர்ச், 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதையடுத்து, தெலுக் இந்தானுக்குப் பக்கத்திலுள்ள பாத்தாக் ராபிட்டில் இருந்த சுல்தான் அப்துல்லாவைச் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1877-இல் ஹியூ லோ ரெசிடென்டாகி ஆற்றின் மேல்பக்கம், கோலகங்சாரில் அமர்ந்தார். செடி கொடிகளில் பித்துக்கொண்ட மனிதர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்திருந்தன. அங்கிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது லோவின் கைக்கு வந்து கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று போற்றப்படும் மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் முன்னே வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அரண்மனையிலிருந்து சைக்கிளில் சில நிமிடத் தூரம்.

அந்த மரத்தடியில் நின்றால் மனம் வேறொரு பக்கம் போகிறது. அந்த மரத்துக்கு வேலை கொடுத்ததே சைக்கிள்தான். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடட்டும் என்று காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அதே ஆண்டில்தான் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைப் பின்னால் கண்டறிந்த ரிட்லி, சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். கார் பெருகுமுன்பே, 1890-களில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பற்றிக்கொண்டது. அந்த டயருக்காகக் கொங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் காட்டு ரப்பர் கொண்டுவராத கிராமத்தாரின் கைகளை வெட்டினார்கள். மலாயாவில் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கித்தா என்கிற ரப்பர் மரம் நட்டார்கள். நட்டவர்களும் பால் வெட்டியவர்களும் யாரென்று நமக்குத் தெரியும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று கங்காணி கூட்டி வந்த குடும்பங்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கப்பல் வந்துகொண்டே இருந்தது.

தோட்டத்தில் சைக்கிள் என்பது உல்லாசத்துக்கு வாங்கும் பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் மர நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை ஆழமாகக் கீறினால் மரம் கெடும், மேலோட்டமாகக் கீறினால் பால் வராது. சரிந்த கோட்டில், காகிதம்போல் ஒரு சீவல். அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும். பால் வடியும் மங்கு நிறைந்ததும் வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளில் சுமந்தவர்கள் உண்டு. கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் சைக்கிளின் பின்னால் இரண்டு தகரங்களைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பால் சிந்தினால் கூலியில் போகும் என்பதால் மேட்டில் இறங்கித் தள்ளுவார்கள். இன்று நாம் அரண்மனை பார்க்க மிதித்துப் போகும் சாலைகள் பலவும் அந்தத் தகரங்கள் போன வழிகள்தாம்.

இனி அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைப் பற்றி. பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாக ஒட்டிய அறைகள், பின்னால் ஓர் அடுப்பு. அதையும் தற்காலிகமாகத்தான் கட்டினார்கள். ஆள் வருவான், வேலை செய்வான், கப்பலேறித் திரும்பிப் போவான் என்பதே நிர்வாகத்தின் கணக்கு. வந்தவர்களுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அந்த ஒற்றை அறையில் பிரசவம் பார்த்தார்கள், தாலி கட்டினார்கள், பிணம் கிடத்தினார்கள். மூன்று தலைமுறை ஓடிவிட்டது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், பிறகு கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோதும், வீட்டு மனையாக்கியபோதும் லயம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பல இடங்களில் ஒரு தூண்கூட மிஞ்சவில்லை.

இரண்டு ஆண்டு குடியிருந்த மூங்கில் வீடு நிற்கிறது. மூன்று தலைமுறை குடியிருந்த பலகை வீடு நிற்கவில்லை. இதை எண்ணும்போது முதலில் கோபம்தான் வந்தது. அரசனுக்கு அருங்காட்சியகம், கூலிக்கு ஒன்றுமில்லை என்று. ஆனால் பாகான் டத்தோவின் செம்பனைக் காட்டுப் பாதைகளில் மிதித்துப் போகப் போக அந்தக் கோபம் மட்டும் போதவில்லை. கடல் உள்ளே வராமல் தடுத்த மண்கரைகளும் வடிகால்களும் உள்ள சமதரை இது. எத்தனை தூரம் போனாலும் ஒரே பச்சை. திடீரென்று ஒரு வளைவில் சூலம் தெரியும். புதிதாக வண்ணம் பூசிய சிறு கோயில், முன்னால் ஒரு பந்தல், தண்ணீர்க் குழாய். சுற்றிலும் வீடே இல்லை. திருவிழா நாளில் கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கார்கள் அந்த மண்பாதையில் வந்து நிற்கும். தோட்டத்தைவிட்டுப் போன பிள்ளைகள் கோயிலை விடவில்லை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் தமிழ்ப் பள்ளி. தோட்டம் போய்விட்டாலும் பள்ளியின் பெயரில் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் இஸ்தானா கெனாங்கான் எப்படி நிற்கிறது என்பது பிடிபட்டது. மூங்கில் தட்டி இந்த மழை நாட்டில் தானாக நூறு ஆண்டு நிற்காது. உளுத்த பட்டையை யாரோ உருவியிருக்கிறார்கள், புதிதாகப் பின்னியிருக்கிறார்கள், நிறம் மங்கியதும் மறுபடி பூசியிருக்கிறார்கள். அந்தக் கோயிலும் அப்படித்தான் நிற்கிறது. நினைவு என்பது மனத்தில் தானாகத் தங்கிவிடும் சரக்கு அன்று. அது ஆண்டுதோறும் உடம்பு வளைந்து செய்ய வேண்டிய வேலை. எந்தப் பொருளை யார் அப்படிக் காத்தார்களோ அது இருக்கிறது. காக்கும் உரிமையே இல்லாதவர்களிடமிருந்து மற்றவை போய்விட்டன. லயம் கம்பெனியின் சொத்து. அதன் ஓட்டைத் தகரத்தை மாற்றக்கூடத் தோட்ட எழுத்தரான கிராணியைக் கேட்க வேண்டியிருந்தது. கோயிலும் பள்ளியும் எங்கள் முன்னோர் தங்கள் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து எழுப்பியவை. அதனால் அவற்றைத் தங்களுடையவை என்று பிடித்துக்கொண்டார்கள்.

இந்த உண்மையைச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் வேறு வழியில் கண்டார். அவரது ஊர் அரண்மனை இருக்கும் அதே கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நிலம் கையில் இல்லாதவனுக்கு எதுவும் மிஞ்சாது என்று உணர்ந்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நாள்கூலிக்காரர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கிய அந்த நாளை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

சுற்றுலா வரைபடங்களில் கோலகங்சாரின் மசூதியும் அரண்மனையும் பாலமும் இருக்கின்றன. இருக்க வேண்டியவைதான். மலாய்த் தச்சரின் கைவேலையை நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அதே பாதையை ரப்பர் மரத்தோடு நிறுத்தாமல் சுங்கை சிப்புட்டுக்கும், ஆற்றோடு இறங்கிப் பாகான் டத்தோவுக்கும் நீட்டுகிற வேலை நம்முடையது. அதற்கு அரசாங்கம் பலகை நடும்வரை காத்திருக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இளைஞர் மன்றமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துச் சைக்கிள்களோடு கிளம்பினால் தொடங்கிவிடும்.

அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் பால் வெட்டிய பெரியவர் யாராவது இருப்பார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். இந்த வாரமே போய் உட்கார்ந்து, லயம் எந்தப் பக்கம், ஸ்டோர் எங்கே, குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை எங்கே, கிணறு எங்கே என்று கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு படியைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.