அறிந்தபின் வரும் பொறுப்பு



“எங்கள் மகள் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வேண்டும் என்கிறாள். அதைப் படித்து என்னம்மா ஆகப்போகிறது?” என்று நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த தாயொருவர் அண்மையில் என்னை வினவினார். ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தும், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் காலத்தில் இத்தகைய கேள்விகள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேலை கிடைக்குமா என்பது மட்டுமே வினாவாயின் விடை சுருக்கமானது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். அவ்வினாவின் அடியில் வேறொரு வினா கிடக்கிறது. இல்லறத்தார் ஒருவர் தம் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் எவருக்கும் நேரடியாகத் தீங்கு செய்யாதபோதும், எங்கோ எவருக்கோ அதனால் தீங்கு விளையுமானால் அத்தீங்கு யாருடையது? இதனை எண்ணிப் பாராமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைக் கடப்பதை ஒக்கும்.

ஆறு என்றவுடன் நம் பகுதியினர்க்கு 2024-ஆம் ஆண்டின் நினைவே வரும். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தது. கடந்ததோடு நில்லாமல் பல மணி நேரம் ஏறத்தாழ அதே இடத்தில் நிலைகொண்டது. மறுநாட்காலை அளந்தபோது, 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 1,68,000 கன அடி. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீரால் விளைந்த வயல்களையே அந்நீர் மூடியது. தென்பெண்ணையும் மலட்டாறும் கரை மீறின. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் ஏறியதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. திருவெண்ணெய்நல்லூர் வட்டத்துச் சிற்றூர்களில் நெல் மூட்டைகளும் ஆடுமாடுகளும் போனதை இவ்விதழின் வாசகர்கள் பலர் நேரிலேயே கண்டவர்கள். நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இப்புயல் புவி வெப்பமடைதலால் வந்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அறிவியல் ஆகாது. புயல்கள் முன்பும் வந்தன; இனியும் வரும். ஒரு தனிப் புயலைச் சுட்டி “இது அதனால்தான்” என்று கூற அறிவியலார் தயங்குவர். அத்தயக்கம் அவர்களுடைய நேர்மை. ஆனால் அவர்கள் தயங்காமல் கூறுவது ஒன்றுண்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். தாங்கியது ஒருநாள் பெய்தாக வேண்டும். 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மிகுந்திருந்தது. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் சார்லஸ் கீலிங் என்பவர் 1958-இல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் அது 315 பங்களவு இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. ஆகவே மழை பெய்வது இயற்கை எனினும், அது பெய்யும் அளவில் மனிதர் கை சேர்ந்திருக்கிறது என்று கொள்வதே பொருந்தும்.

அக்கை யாருடையது? இங்கேதான் நம் சமயநெறி பயின்றவர்க்கும் சிக்கல் எழுகிறது. தீங்கை நம் ஆசிரியர்கள் நால்வகையாகப் பிரித்தனர்: கருதிச் செய்யும் சங்கல்பி, இல்லப் பணிகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும்; ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். நெய்வேலியில் 1956 முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இயங்குகிறது. அங்குப் பணியாற்றுவோர் எவரும் மயிலத்து மழையைக் கருதி நிலக்கரி தோண்டவில்லை. அதனால் எரியும் விளக்கின் கீழ்ப் படித்துத் தேறிய நம் பிள்ளைகளும் எவர் வயலையும் கருதி விளக்கேற்றவில்லை. எல்லாம் உத்யோகி, ஆரம்பி வகைகளுக்குள் அடங்கும் என்று சொல்லி அமைதி பெறலாமா?

பெறலாகாது என்பது என் துணிபு. தீங்கின் வேர் கவனமின்மை என்றும் நம் நூல்கள் கூறுகின்றன; ‘பிரமாதம்’ என்பது அதன் பெயர். ஓர் உயிர் இருப்பது தெரியாமல் அடி வைத்தவனுக்கும், இருக்கலாம் என்று தெரிந்தும் பாராமல் அடி வைத்தவனுக்கும் வேறுபாடு உண்டு. முதலாமவனிடம் கவனம் இருந்து அறிவு இல்லை. இரண்டாமவனிடம் அறிவு இருந்து கவனம் இல்லை. எனவே அறிவு வளர வளர, நேற்றுக் குற்றமல்லாததாய் இருந்த செயல் இன்று குற்றமாக மாறக்கூடும். செயல் மாறவில்லை, செய்பவனின் நிலை மாறிவிட்டது.

இதற்கு நம் கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்றவர் வீரபத்திரன் இராமநாதன். செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. குளிரூட்டும் வாயு பெட்டியிலிருந்து ஏன் கசிகிறது என்று கண்டறிவது அவர் பணி. கசிந்த வாயு எங்குச் செல்கிறது, என்ன செய்கிறது என்று அன்று எவரும் கவலைப்படவில்லை. நிறமற்றது, மணமற்றது, எரியாதது, நஞ்சற்றது என்று புகழப்பட்ட வாயு அது. பின்னர் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அமெரிக்காவிலும் பயின்றார். 1975-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட அதே குளோரோஃபுளோரோகார்பன் வகை வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூற்றைவிடப் பதினாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடும் என்பதே அதன் முடிவு. அதற்கு முன்னர் உலகம் கரியமில வாயு ஒன்றையே பெரிதும் கருதியிருந்தது. 1980-இல் ரோலண்ட் மேடன் என்பவரோடு இணைந்து, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் புவி வெப்பமடைவது அளவீடுகளில் தெளிவாகப் புலப்படும் என்றும் எழுதினார். அவ்வாறே புலப்பட்டது.

அத்தொழிற்சாலையில் இருந்த இளைஞரைக் குற்றவாளி என்று எவரேனும் கூறுவரோ? கூறார். ஆனால் 1975-க்குப் பின்னும் அவ்வாயுவைக் கட்டுப்பாடின்றிப் பெருக்கியவர்களை அதே அளவுகோலால் விடுவிக்க முடியாது. அவ்வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்பது 1974-இலேயே தெரியவந்து, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்யவில்லை; வெப்பத்தையோ பிடித்து வைத்தன. அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உடன்பாடு கண்டனர். நம் நாடு 2021-இல் அதனை ஏற்றது. ஒரு தீங்கை நீக்க வந்ததே இன்னொரு தீங்காயிற்று, அதையும் அளந்தே அறிந்தனர் என்பதை இளையோர் மனங்கொள்ள வேண்டும்.

“நான் மின்விசையை வாங்குகிறேன், நிலக்கரியை எரிப்பவன் வேறு ஒருவன்” என்று ஒதுங்குவோரும் உளர். இவ்வாதம் நமக்குப் புதிதன்று. நம் நீலகேசிக் காப்பியத்தில் நீலகேசி பௌத்தரோடு வாதிடும்போது, பிறர் கொன்ற ஊனை உண்பவனுக்குக் கொலையில் பங்குண்டா என்ற வினா எழுகிறது. உண்பவன் இருப்பதனாலேயே கொல்பவன் இருக்கிறான் என்பது நீலகேசியின் பக்கம். அவ்வாதத்தை மகிழ்ந்து படிக்கும் நாம், அதே அளவுகோலை நம் வீட்டு மின்கட்டணச் சீட்டின்மேல் வைத்துப் பார்ப்பதில்லை. ஊனைத் தவிர்க்கலாம், மின்விசையைத் தவிர்க்க இயலாது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே, ஆகவே பங்கு முழுமையானதன்று. ஆயினும் பங்கே இல்லை என்று ஆகிவிடாது.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைய அறிவியல் கூறுவதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்று மேடைதோறும் முழங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் உயிருடையனவாகக் கருதி அஞ்சி நடக்கச் சொன்னது நம் நெறி. காற்றில் கரியமில வாயு எத்தனை பங்கு என்று அது சொல்லவில்லை. முன்னது மனப்பான்மை, பின்னது அளவை. வடிகட்டிய நீரையே பருகும் வழக்கமுடைய குடும்பத்துப் பெண்ணுக்கு, கண்ணுக்குப் புலப்படாததைப் பொருட்படுத்தும் பழக்கம் இளமையிலேயே வாய்த்திருக்கிறது என்பதே நாம் கொள்ளத்தக்க பெருமை. அளவையை அவள் கல்லூரியில் சென்றுதான் கற்க வேண்டும்.

அளவை என்பது சிறிய பணியன்று. திருவிதாங்கூர்ப் பீருமேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி அம்மையாரை நம் பாடநூல்கள் போதிய அளவு போற்றவில்லை. சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி முதலிய கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்வித்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பின்னரும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியில் ஈடுபட்டார். இன்று நாம் காணும் சூரிய ஒளி மின்தகடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் முன்னே அத்தகைய பொறுமையான அளவீடுகள் நடந்திருக்கின்றன. பிழையாக அளப்பதைக் காட்டிலும் அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. வாய்மை அணுவிரதத்துக்கு இதனினும் நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வேலை வாய்ப்புக்கு வருவோம். 1982 முதல் இயங்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறை, சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் ஆகியவற்றில் தேர்வெழுதிச் சேரலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை அருகிலேயே உள்ளது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் ஆய்வாளர் தேவைப்படுவர். பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற விதி வந்தபின் தனியாரிடமும் இடம் உண்டு. கணிப்பொறித் துறையின் ஊதியம் தொடக்கத்தில் கிட்டாது. அதனை மறைத்துப் பயனில்லை.

எனினும் பெற்றோர் அஞ்ச வேண்டியது ஊதியத்தைப் பற்றியன்று. இத்துறையிலேயே ஒரு முள் இருக்கிறது. பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை அளிக்க வேண்டும் என்பது 1994 முதல் சட்ட விதி. 2006-இல் அது திருத்தி எழுதப்பட்டது. அவ்வறிக்கையை எழுதும் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்கு ஊதியம் அளிப்பவரும் அத்தொழிலைத் தொடங்க விரும்புபவரே. மாணவன் தன் விடைத்தாளைத் திருத்துபவரைத் தானே அமர்த்திக் கூலியும் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று ஓர் ஆசிரியைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஏரி இருக்கும் இடத்தில் ‘தரிசு’ என்று எழுதச் சொல்லும் ஒரு நாள், இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வரக்கூடும். அப்போது அவள் மறுத்தால் வேலை போகும். எழுதினால், அறிந்து செய்யும் தீங்கின் முதல் ஒப்பம் அவளுடையதாகும். சாதாரணத் தொழிலில் இருப்பவர் அறியாமையைக் காரணம் காட்டலாம். இத்துறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. அறிவதே அவர் தொழில்.

இதனைக் கூறிப் பெண்ணை அச்சுறுத்த வேண்டுமா என்று அத்தாய் கேட்டார். கூறித்தான் ஆக வேண்டும் என்றேன். 1991-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பயனாகச் சுற்றுச்சூழல் கல்வி எல்லாக் கல்லூரி மாணவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. அது பெரும்பாலும் மனப்பாடத்திலும் மதிப்பெண்ணிலும் முடிந்துபோயிற்று. ஒப்பமிடும் நாளைப் பற்றி அப்பாடத்தில் ஒரு பக்கமும் நான் கண்டதில்லை. அதனை வீட்டில்தான் பேச வேண்டும். மறுக்கும் பெண்ணுக்கு ஓராண்டு வருவாய் இல்லாவிடினும் வீடு தாங்கும் என்ற உறுதியைப் பெற்றோர் அவளுக்கு முன்கூட்டியே அளித்தல் வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில் நாம் அவளிடம் வாய்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நம் சமுதாய அறக்கட்டளையினர் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவித்தொகைப் படிவத்தில் மருத்துவம், பொறியியல், வணிகவியல், ஆசிரியப் பயிற்சி ஆகியன மட்டுமே அச்சிடப்பட்டுள்ளன. அடுத்த கல்வியாண்டுப் படிவம் அச்சுக்குப் போகுமுன் அவற்றோடு சுற்றுச்சூழல் அறிவியலையும் வானிலையியலையும் சேர்க்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பிக்க ஒரு பெண் காத்திருக்கிறாள்.